காணி காட்டியதற்கு மட்டும் காசு யார் தருவார்?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 32. ஊர் திருகோணமலை. லீசிங் கம்பனி ஒன்றில் தவணைப் பணம் அறவிடும் வேலையில் இருந்தேன். 2022 நெருக்கடியில் அந்த வேலை போய்விட்டது. அன்றிலிருந்து காணி, வீட்டுத் தரகுதான் தொழில். சென்ற ஆண்டு உப்புவெளியில் 22 பேர்ச் வளவு ஒன்றை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவருக்குக் காட்டினேன். உரிமையாளர் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த அன்ரி. விற்றால் 3 வீதம் தருவதாக வாயால் சொன்னார். விலையையும் நான்தான் ஏறக்குறையப் பேசி முடித்துக் கொடுத்தேன். பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லை. ஒரு நாள் அந்த வழியால் போனபோது மதில் எழும்பிக்கொண்டிருந்தது. விசாரித்தால் விற்பனை உறுதி எழுதி முடிந்து பல வாரம். 'நீ காணியைக் காட்டினாய், அவ்வளவுதானே' என்று சொல்லி அன்ரி பெற்றோல் செலவுக்கு 25,000 ரூபா நீட்டினார். வாங்காமல் வந்துவிட்டேன். என் தரகைச் சட்டப்படி கேட்க முடியுமா?

இப்போது நிலாவெளிப் பக்கம் ஒரு பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, கைக்கு வந்திருக்கிறது. 'எனக்குக் கையில் இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உனக்கு' என்கிறார் காணிக்காரர். எழுதித் தருவதற்கு ஓர் ஆள் இருக்கிறாராம். எனக்கு 5 இலட்சம் மிஞ்சும். மனைவியோ இந்த அலைச்சலை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகச் சொல்கிறார். இது குடும்பம் நடத்தக்கூடிய தொழிலா, ஐயா?

பெயர் வேண்டாம், திருகோணமலை.

பதில்:

தம்பி,

மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதுதான் அவசரம். அந்தப் பெர்மிட் காணியைத் தொடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் அந்த மனிதர் தொலைபேசியில் வந்தால் 'பார்த்துச் சொல்கிறேன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அன்ரி. வாயால் சொன்ன சொல்லும் ஒப்பந்தம்தான். காணியை விற்பதற்குத்தான் எழுத்தும் உறுதியை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்கிறது. தரகுப் பேச்சுக்கு அந்தச் சடங்கெல்லாம் இல்லை. உங்கள் முயற்சியால்தான் அந்த விற்பனை நடந்தது என்று காட்ட முடிந்தால் தரகைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே. கைபேசியைத் திறந்து பாருங்கள். காணிப் படத்தை அனுப்பிய நாள், கனடாக்காரர் விலை கேட்ட செய்தி, 'அவர் இன்று பின்னேரம் வருகிறார், கேற்றைத் திறந்து வையுங்கள்' என்று அன்ரிக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப், இவை எல்லாம் சாட்சியங்கள். ஒன்றையும் அழிக்காதீர்கள். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுக்குள், எழுத்தில் உள்ளதற்கு 6 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் உள்ள கணக்கு. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பொலிசுக்குப் போகாதீர்கள். இது குடியியல் விடயம். அங்கே போனால் உங்கள் பெயர்தான் சந்தியில் அடிபடும். சட்டத்தரணி ஒருவர் மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். தொகை சட்டம் குறித்த எல்லைக்குள் வந்தால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். அது உங்களுக்கு நல்லதே. ஊர்ப் பெரியவர் மூவர் முன்னால் உட்கார்ந்து, 'இந்தப் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை' என்று அன்ரியால் சொல்ல முடியாது. பாதித் தொகைக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறுவது உங்கள் வயதில் வீண் வேலை.

ஒன்றை மட்டும் செய்யவேண்டாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. நம் ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், கனடாக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாதவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். தாய் தகப்பனின் காணி மரபுரிமையாக அவருக்கு வரலாம்; வாங்க முடியாது. உங்கள் வாங்குனர் யார் பெயரில் எழுதினார் என்று கடிதத்தில் இல்லை. தங்கை பெயரிலோ மச்சான் பெயரிலோ எழுதியிருக்கக்கூடும். அதைத் தோண்டி எடுத்து, 'தரகைத் தருகிறீர்களா, அரசுக்குப் பெட்டிசம் எழுதிப் போடட்டுமா' என்று மிரட்டும் யோசனையை யாராவது உங்கள் காதில் போடுவார்கள். அதைச் செய்த அன்றே நீங்கள் தரகர் இல்லை.

சட்டம் இவ்வளவுதான். இனித் தொழிலைப் பேசுவோம்.

அன்ரி சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, தம்பி. உப்புவெளியில் வீதியோரம் கிடக்கும் வளவை யாரும் காட்டலாம். முச்சக்கர வண்டிக்காரர் காட்டுவார், கடைக்காரர் காட்டுவார், கனடாக்காரரின் பெரியம்மா மகன் காட்டுவார். காட்டுவதோடும் விலை பேசுவதோடும் உங்கள் வேலை முடிகிறது என்றால், இரண்டு பேரும் தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்ட நிமிடமே நீங்கள் அவர்களுக்கு ஒரு செலவு. அந்தச் செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருக்கவேண்டும் என்றில்லை. நம் ஊர்க் காணியில் என்ன சிக்கல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும், அதைத் தீர்க்கும் வழியைச் சொல்வதற்கும்தான் நமக்குக் காசு. அதைச் செய்பவரை யாரும் சுற்றிக்கொண்டு போவதில்லை, போனால் வழியில் நின்றுவிடுவார்கள்.

இந்த ஊரில் சிக்கலுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒழுங்கையில் மூன்று சட்டம் குடியிருக்கிறது. முதல் வீடு பரம்பரையாகத் திருகோணமலைத் தமிழர். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அவருடைய ஆதனத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. அடுத்த வீடு வடமாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர்களை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை தொடர்ந்து வரும். அந்த வீட்டு அம்மா, தாய் தந்த சீதனக் காணியையே விற்பதானாலும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் இலண்டனில் இருக்கிறார், பேச்சுவார்த்தையும் இல்லை என்றால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி கிடைக்கும்வரை உங்கள் விற்பனை அங்கேயே படுத்துவிடும். மூன்றாவது வீடு முஸ்லிம் குடும்பம். அங்கே மகன், மகள், மனைவி, தாய் ஒவ்வொருவருக்கும் இஸ்லாமியச் சட்டப்படி வெவ்வேறு பங்கு. யாருக்கு எது பொருந்தும் என்று தீர்மானிப்பது சட்டத்தரணியின் வேலை. ஆனால் 'அம்மா, உங்களுக்குச் சொந்த ஊர் எது? அவருக்கு எந்த ஊர்? சகோதரங்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்?' என்று முதல் நாளே, தேநீர் குடிக்கிற சாட்டில் கேட்டு எழுதி வைப்பது உங்கள் வேலை. பெரும்பாலான காணிகள் விலையில் குழம்புவதில்லை, பிரான்சில் இருக்கும் ஒரு தம்பியின் கையெழுத்தில்தான் குழம்புகின்றன.

அந்தத் தம்பி அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பியிருக்கிறார் என்பார்கள். மகிழ்ச்சியோடு வாங்கி, இரண்டு விடயம் பாருங்கள். அதில் விற்கும் அதிகாரம் சொல்லப்பட்டிருக்கிறதா, அல்லது பராமரிக்க மட்டுமா? கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்த நாளோடு அந்தத் தத்துவமும் இறந்துவிடும். இது தெரியாமல், தகப்பன் செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் தத்துவக் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு விலை பேசுகிற மருமகன்மாரை நீங்கள் சந்திப்பீர்கள்.

பிறகு, இடம்பெயர்ந்தவர்களின் காணி. 1983இலும் 1985இலும் 1990இலும் விட்டுவிட்டு ஓடிய வளவுகள் நம்மைச் சுற்றிலும் உண்டு. உறுதி சென்னையிலோ ரொறன்ரோவிலோ ஒரு பெட்டியில் இருக்கும். காணியில் வேறொரு குடும்பம் வீடு கட்டிப் பேரப்பிள்ளை கண்டிருக்கும். உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் 10 ஆண்டு ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரினால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை அது கவனத்தில் எடுத்தது. ஆனால் அந்தச் சலுகையும் ஒரு கால எல்லையோடுதான் வந்தது. ஆகவே உறுதியைப் பார்த்துவிட்டு மட்டும் விலை பேசாதீர்கள்; காணிக்குள் போய் அடுப்பில் புகை வருகிறதா என்று பாருங்கள். குடியிருப்பவரிடம் நேரே பேசுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். அவரும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ ஓடி வந்தவராக இருப்பார்.

உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டி 'இதோ என் பெயரில் இருக்கிறது' என்பவர்களும் வருவார்கள். வரி கட்டியவர் வரி கட்டியவர், அவ்வளவே. உரிமையைக் காணிப் பதிவகத்தில்தான் தேடவேண்டும். ஒரே காணிக்கு இரண்டு உறுதி இருந்தால், பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்குத்தான் பொதுவாக முன்னுரிமை, அவருடைய உறுதி பிந்தித்தான் எழுதப்பட்டது என்றாலும். இது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். பதிவகத்தில் தேடுவது ஒரு கலை. ஏட்டில் காணியின் பழைய பெயர் இருக்கும், எல்லையில் அறுபது வருடத்துக்கு முந்திய அயலவரின் பெயர் இருக்கும்; 'வடக்கே ஒழுங்கை' என்று எழுதிய இடத்தில் இன்று ஒருவருடைய குசினி நிற்கும். அந்த ஏடுகளை வாசிக்கப் பழகுங்கள். பழைய உறுதிகள் ஆங்கிலத்தில் இருக்கும், சில சிங்களத்தில் இருக்கும். மூன்று மொழியிலும் ஓர் உறுதியின் அட்டவணையை வாசிக்கத் தெரிந்த தரகரை நொத்தாரிசுமாரே தேடி வருவார்கள்.

நிலத்தையும் வாசிக்க வேண்டும். நம் வாடிக்கையாளர்கள் வருவது ஆடி ஆவணியில். அங்கே பள்ளிக்கூட விடுமுறை, இங்கே கடல் தட்டாகக் கிடக்கும், நிலாவெளி மணல் பளபளக்கும். அந்த நேரத்தில் எந்தக் காணியும் நல்ல காணிதான். அதே வளவை மார்கழி மழையில் பாருங்கள். அலஸ்தோட்டத்திலும் சாம்பல்தீவிலும் எந்த ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். கிணற்றை அதற்கு மாறாக, புரட்டாதியில், மழைக்கு முன் பார்க்கவேண்டும். கடலோரக் கிணறு எவ்வளவு உவர்க்கிறது என்பதை அந்த மாதம் ஒளிக்காது. இரண்டையும் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். மழைப் படத்தைக் காட்டினால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறீர்களா? சிலர் ஓடுவார்கள். மற்றவர்கள், 'இவன் மறைக்கவில்லை' என்று அடுத்த காணிக்கும் உங்களிடமே வருவார்கள். கடலோரத்தில் விருந்தினர் விடுதி கட்டக் கனவு காண்பவரிடம், உயர் நீர்க்கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். முத்திரைத் தீர்வையையும் சொல்லுங்கள்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். விலையை மட்டும் கேட்டுப் பணத்தைக் கட்டிக்கொண்டு வந்தவர், உறுதி நாளில் இந்தத் தொகையைக் கேட்டதும் முகம் மாறி, அதைத் தரகரின் தலையில் கழிக்கப் பார்ப்பார்.

இவ்வளவும் சேர்ந்தது ஒரு கோப்பு. உறுதிப் பிரதி, முந்திய உறுதிகள், நில அளவைப் படம், பதிவகத் தேடல், வாரிசுகளின் விபரம், படங்கள். அந்தக் கோப்பு உங்கள் கையில் இருக்கும்வரை அன்ரியும் கனடாக்காரரும் உங்களைத் தாண்டிப் போகமாட்டார்கள். உங்கள் கையில் அன்று என்ன இருந்தது? காணிக்காரரின் தொலைபேசி இலக்கம் மட்டும்.

கோப்போடு ஒரு கடிதமும் வேண்டும். அரைப் பக்கம் போதும். காணிக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி இருக்குமிடம், கேட்கும் விலை, தரகு எத்தனை வீதம், அது உறுதி முடிக்கும் நாளில் நொத்தாரிசு அலுவலகத்திலேயே தரப்படும் என்பது, இந்த அனுமதி எத்தனை மாதத்துக்கு என்பது. கடைசியாக, நீங்கள் அறிமுகப்படுத்தியவரோ அவருடைய உறவினரோ ஓர் ஆண்டுக்குள் அந்தக் காணியை வாங்கினாலும் தரகு உண்டு என்று ஒரு வரி. ஒவ்வொரு முறையும் ஆளைக் கூட்டிப்போன அன்று இரவே, இன்னார் இன்று காணி பார்த்தார் என்று காணிக்காரருக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.

'எங்களுக்குள் என்ன தம்பி கடிதம், என்னை நம்பவில்லையா?' என்பார்கள். நம் ஊரில் இது வராமல் போகாது. 'உங்களை நம்பித்தான் அன்ரி வந்திருக்கிறேன். இந்தக் கடிதம் இருந்தால்தான் பதிவகத்தில் தேடுவதற்கும் படம் வரைவிப்பதற்கும் நான் கைக்காசு போடலாம்' என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அப்படியும் கையெழுத்து வைக்காதவருக்காகப் பெற்றோல் எரிக்காதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. உறுதி முடிக்கும் நாளில் 'சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்' என்பார்கள். எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், அவரைத் தெரிந்தவர்கள் என்ற பொறுப்பில்தான் சாட்சிகள் நிற்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் ஒருவரின் காணியை, அவர் பெயரில் வேறொரு ஆள் வந்து எழுதிக் கொடுக்கும் மோசடியில் விசாரணை முதலில் வந்து நிற்பது சாட்சிகளின் வாசலில்தான். நன்றாகத் தெரியாத எவருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள். பெரிய தொகை ரொக்கமாக வந்தாலும் கேள்வி கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தில் காணி வீட்டுத் தரகர்களும் அடங்குவார்கள். வாடிக்கையாளர் யார் என்று அறிந்து வைப்பது நம் கடமை.

சரி, அந்தப் பெர்மிட் காணி. அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் என்றால், அதை வைத்திருப்பவர் அனுபவிக்கலாம், தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்கலாம். தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. அந்தச் சட்டத்தை மீறிய கைமாற்றம் செல்லாது, நொத்தாரிசு அப்படியான ஆவணத்தை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அப்படியானால் அந்த 'எழுதித் தருகிற ஆள்' எதை எழுதுவார்? ஒரு கைக்கடிதம் எழுதுவார், அல்லது ஒரு தத்துவக் கடிதம். அல்லது வாங்குபவரைப் பின்னுரித்தாளராகப் போடலாம் என்பார். பின்னுரித்தாளராக வாழ்க்கைத் துணையோ சட்டத்தின் அட்டவணையில் சொல்லப்பட்ட உறவினரோதான் வரலாம். நிலாவெளியில் காணி தேடும் கொழும்புக்காரர் அந்த அட்டவணையில் இல்லை. 2024இல், பெர்மிட்காரருக்கு முழு உரிமை தருவதாக அரசு அறிவித்த 'உறுமய' திட்டம் வந்த பிறகு எல்லா பெர்மிட் காணியும் உறுதிக் காணி ஆகிவிட்டது என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அறிவிப்பு வேறு, காணிக்காரரின் கையில் இருக்கும் கடதாசி வேறு. அவரை அழைத்துக்கொண்டு அவருடைய பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அந்தப் பத்திரத்தின் இன்றைய நிலை என்ன, காணியை அவருக்கு உரித்தாக்கும் அளிப்புப் பத்திரமாக மாற்ற என்ன செய்யவேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த வழி நீளமானது. அவர் அந்த வழியில் வரச் சம்மதித்தால் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். மறுத்தால் அவர் வேறு ஆளைத் தேடிப் போகட்டும்.

'மேலே வருவது உனக்கு' என்ற பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உறுதிக் காணியிலும் இதைக் கேட்பீர்கள். கேட்க இனிக்கும். காணிக்காரர் அறிந்து சம்மதித்தால் அதில் சட்டக் குற்றம் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நீங்கள் யாருடைய ஆளும் இல்லை. வாங்குபவரிடம் விலையை ஏற்றுகிறீர்கள், விற்பவரிடம் வந்த விலையை மறைக்கிறீர்கள், இருவரும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதே உங்கள் முழு நேர வேலையாகிவிடும். இந்த ஊரில் இருவர் சந்திக்காமல் இருக்க முடியுமா? பத்திரகாளி கோயில் வீதியில் சந்திப்பார்கள், கலியாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அங்கே இரண்டு விலையும் வெளியே வரும். 2 வீதமோ 3 வீதமோ எல்லோருக்கும் தெரிய வாங்குங்கள். தெரிய வாங்குகிற காசை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கடைசிக் கேள்வி, குடும்பம். விற்பனைத் தரகை மட்டும் நம்பி இங்கே மாதாமாதம் உலை வைக்க முடியாது. கைக்காசு போட்டு அலைந்து, பேசி, சாட்சி வரை கூட்டி வந்த விற்பனையும் கடைசி நாளில் ஒரு மைத்துனரின் சொல்லில் முறியும். கனடாக்காரர்கள் கூப்பிடுவது நம் நித்திரை நேரத்தில். மாரி பிறந்தால் தை கடக்கும்வரை காணி பார்க்க ஆள் இல்லை. இடையில் செய்திகள் வேறு. 2022 ஜனவரியில் சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கு இந்தியாவோடு ஒப்பந்தம், 2025இல் சம்பூரில் சூரிய மின் நிலையம். இப்படி ஒவ்வொரு செய்திக்கும் அந்தப் பக்கக் காணிக்காரர்கள் கேட்கும் விலை ஏறும், வாங்குபவர் தயங்குவார், நடுவில் நம் வேலை நிற்கும். செய்தியை நம்பி நீங்களே கடன்பட்டுக் காணி வாங்கிப் போடும் ஆசை வரும். வரவிடாதீர்கள். பாலம் திறந்த பிறகு கிண்ணியாப் பக்கம் மாறியது உண்மைதான், ஆனால் அது 2009இல் வாகனம் ஓடத் தொடங்கிய பாலம், பத்திரிகையில் ஓடிய பாலமில்லை.

மாதச் செலவைத் தாங்குவது வாடகைதான். திருகோணமலை மாகாணத் தலைநகர். இடமாற்றத்தில் உத்தியோகத்தர்கள் வருகிறார்கள், வங்கிக்காரர்கள் வருகிறார்கள், கோணேசபுரி வளாகத்தில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் அறை தேடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மாத வாடகை தரகு என்பது சின்னக் காசு என்று உங்களைப் போன்ற இளைஞர்கள் ஒதுக்கி விடுகிறீர்கள். அந்தச் சின்னக் காசு தையிலும் வரும், ஐப்பசியிலும் வரும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் எந்த வீடு எப்போது காலியாகிறது என்று தெரிந்தவருக்கு, அந்த வீட்டுக்காரர் விற்க நினைக்கும் நாளும் முதலில் தெரியும். தவணைப் பணம் அறவிட்டவர் நீங்கள். யார் சொன்ன நாளில் தருவார், யார் கதவைத் திறக்கமாட்டார் என்று ஆளைப் பார்த்தே கணிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். நல்ல குடியிருப்பாளரைப் பொறுக்கித் தருகிற தரகரை வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள்.

மனைவி சொல்வதைப் பயந்தவர் பேச்சு என்று தள்ளாதீர்கள். வீட்டில் மாவும் பால்மாவும் முடிகிற கணக்கு அவருக்குத்தான் தெரியும். இருவரும் உட்கார்ந்து, கடந்த ஓராண்டில் வாடகைத் தரகில் எவ்வளவு வந்தது, விற்பனையில் எவ்வளவு, எந்த மாதம் வெறுங்கை என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். வாடகைப் பக்கம் வீட்டுச் செலவில் பாதியையாவது தாங்கினால் இன்னும் ஒரு மாரியைக் கடந்து பார்க்கலாம். தாங்கவில்லை என்றால் அவர் சொல்வதுதான் சரி. போய் இரண்டு ஆண்டு உழைத்து, கையில் முதலோடு வாருங்கள். பதிவகம் எங்கும் போய்விடாது.